வடாமா, ஊறுகாயா, அவலா? டெல்டா விவசாயி எதில் கைவைப்பது

நெல்லுக்கு வாங்க ஆள் இருக்கிறது. 17 சதவீத ஈரப்பதத்துக்குள் காயவைத்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டால், 2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. வரிசையில் காத்துக் கிடப்பதும் மூட்டை மழையில் நனைவதும் தனிக் கதை. விலையாவது முன்கூட்டியே தெரியும். வரப்போரத்து மிளகாய்க்கும் கொல்லையில் காய்த்துத் தொங்கும் நார்த்தங்காய்க்கும் அந்தப் பாக்கியம் இல்லை. எல்லார் வீட்டிலும் ஒரே சமயத்தில் காய்க்கும். சந்தையில் கேட்க நாதியிருக்காது. ஆகவே, மதிப்புக்கூட்டல் பயிற்சிக்குப் போய்வந்த சூட்டோடு நெல்லை அவலாக்கக் கிளம்புகிறவர்களிடம் நான் சொல்வது, அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்பதுதான். விலை இல்லாத பொருளில் தொடங்குங்கள்.

அப்படிப் பார்த்தால் முதலிடம் வெயிலில் காய்கிற சரக்குக்கு. சம்பாவும் தாளடியும் தை, மாசியில் வீடு வந்துவிடும். அதன்பின் தரிசில் உளுந்தோ பயறோ கிடக்கும். களம் காலி, வானம் சுத்தம், வீட்டுப் பெண்களின் கைக்கும் கொஞ்சம் ஓய்வு. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கும்வரை கிடைக்கும் இந்த இடைவெளிதான் டெல்டாவின் உண்மையான மூலதனம். பங்குனி, சித்திரை வெயிலுக்கு யாரும் வாடகை கேட்பதில்லை.

இதில் என் கட்சி மோர் மிளகாய். தஞ்சாவூர்க் குடமிளகாய் என்று குட்டையாக, உருண்டையாக, தோல் தடித்து ஒரு ரகம் உண்டு. அதைக் காம்போடு கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் பாயில் காயவைப்பார்கள். இரவில் மீண்டும் அதே மோரில் போடுவார்கள். மோர் முழுவதையும் மிளகாய் குடித்து முடிக்கும்வரை இது நடக்கும். மிளகாய், மாடு, வெயில் மூன்றும் உங்களுடையவை. உப்பு மட்டும் கடையில். நீள மிளகாயிலும் செய்யலாம், ஆனால் வாங்குகிறவர் கேட்பது உருண்டையைத்தான். பச்சையாக எவ்வளவு போட்டீர்கள், காய்ந்தபின் எவ்வளவு தேறியது என்று முதல் தடவையே நிறுத்து எழுதிவையுங்கள். எடை நாலில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடலாம். பச்சை மிளகாய் விலையை மனதில் வைத்துக்கொண்டு காய்ந்ததற்கு விலை சொல்கிறவர்தான் இந்தத் தொழிலில் முதலில் நஷ்டப்படுகிறார்.

கூழ் வடாம் இதற்கு அடுத்தபடி. ஆலையில் அரைக்கும்போது ஒதுங்கும் நொய் இதற்குப் போதும். முழு அரிசியை வீணாக்க வேண்டாம். கூழ் காய்ச்சும்போது உப்பைக் கையிழுத்துப் போடுங்கள், காய்ந்தால் ஏறிவிடும். தாளிப்பு வடகம் நம் பக்கத்துப் பண்டம்தான். ஆனால் அதற்குச் சின்ன வெங்காயம் பெரும்பாலும் பெரம்பலூர்ப் பக்கமிருந்து வர வேண்டும். வெங்காயம் விலையேறிய வருடம் கைப்பணம் அதில் முடங்கும். கைச்சரக்கு இல்லாத பண்டத்தை இரண்டாம் வருடத்துக்கு வையுங்கள்.

வெயிலை நம்பினால் ஒரு கோடைமழை எல்லாவற்றிலும் பூசணம் ஏற்றிவிடும் என்ற பயம் நியாயமானது. அதற்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் தரும் சூரியக் கூடார உலர்த்தி உண்டு. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் வைத்திருப்பவருக்குக் கொப்பரையும் அதிலேயே காயும். மிளகாயையும் கொப்பரையையும் ஒரே தட்டில் மட்டும் பரப்பாதீர்கள்.

ஊறுகாயில் வருமானம் அதிகம் என்பார்கள். உண்மைதான், சிக்கலும் அதிகம். பாட்டில், மூடி, முத்திரை, எண்ணெய் என்று உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதற்குச் செலவு கூடும். காய்ந்த பண்டம் கெட்டால் கண்ணுக்குத் தெரியும்; ஊறுகாயில் சில கேடு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. பூண்டைப் புளிப்பில்லாமல் எண்ணெயில் மட்டும் அமுக்கி வைத்தால், காற்றில்லாத இடத்தில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி நஞ்சைச் சுரக்கும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் 4.6-க்குக் கீழே இருந்தால் அது தலைதூக்காது. எலுமிச்சைக்கும் மாவடுவுக்கும் இந்தக் கவலை குறைவு. பூண்டுத் தொக்கு, வாழைப்பூத் தொக்கு போடுகிறவர் பரிசோதிக்காமல் விற்கக் கூடாது. வெயில் சரக்குக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் ஒரு நல்ல வழி உப்பு நார்த்தங்காய். சுருளாக நறுக்கி, உப்பில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்தால் பாட்டிலும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். பழையதுக்குத் தொட்டுக்கொள்ள அதற்கு இணை கிடையாது. இதை ஏன் யாரும் பெரிதாக விற்பதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

ஜாம், ஸ்குவாஷ் வேண்டாம் என்பேன். ஜாமில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. பூவன் பழத்தைச் சாக்காக வைத்து ஆலைச் சர்க்கரையை விற்பதுபோல ஆகிவிடும். காவிரிக்கரையில் வாழை வைத்திருப்பவர் திருச்சியில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தைக் கேட்டுவிட்டு, உலர்பழம், வாழைப்பூப் பண்டங்கள் என்று யோசிப்பது மேல்.

இனி அவல். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி பயிரிடுகிறவருக்கு மட்டும் இது கணக்கில் கட்டும். அந்த நெல்லைச் சாதாரண ரக விலைக்குக் கொள்முதல் நிலையத்தில் போட மனசு வராது. நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாக்கள் இந்த ரகங்களுக்கு நகரத்தில் ஒரு பெயரை வாங்கித் தந்தன. அந்தப் பெயர் இருக்கும்வரை அவலும் விற்கும். எந்திரம் வாங்கக் கடன் வேண்டாம், கூலிக்கு இடித்துக்கொள்ளுங்கள். தவிடு நீக்காத அவல் சில மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும், அதனால் ஆர்டருக்குத் தகுந்தபடி மட்டும் இடிக்க வேண்டும்.

சோதனைக்கும் பயிற்சிக்கும் வெளியூர் போக வேண்டாம். தஞ்சை புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் உணவுப் பரிசோதனைக் கூடமும், புதுத் தொழில்முனைவோருக்கான காப்பக மையமும் உண்டு. மழையில் நனைந்த நெல்லைக் காப்பாற்ற 1967-இல் திருவாரூரில் தொடங்கிய சின்ன ஆய்வகம் வளர்ந்ததுதான் இது. விற்கத் தொடங்குமுன் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். 2011 விதிகள் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம்வரை உரிமம் இல்லாமல் எளிய பதிவே போதும் என்றன. இன்றைய வரம்பை விண்ணப்பிக்கும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்பனையில் மகளிர் குழுவாக இருந்தால் பூமாலை வளாகம், மதி அங்காடி என்று கதவு திறக்கும். தனியாளாக இருந்தால் கும்பகோணத்துக் கடைகளில், "வச்சுட்டுப் போங்க, வித்ததும் தர்றேன்" என்பார்கள். அதற்கு ஒப்புக்கொண்டால் ஒரு கடைக்கு ஒரு தடவை ஒரு பெட்டிக்கு மேல் வைக்காதீர்கள். பழைய பாக்கி வந்தபின்தான் அடுத்தது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் பார்சல் அனுப்புவதில் லாபமும் கூட, பணமும் முன்னே வரும்.

லேபிள் அச்சடிக்க அவசரம் வேண்டாம். சித்திரையில் போட்ட சரக்கில் நான்கு பாக்கெட்டை ஒதுக்கி, ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் சாதாரண அலமாரியில் வையுங்கள். மார்கழியில் பிரித்து உடைத்துப் பாருங்கள். வடாம் படக்கென்று ஒடிந்தால் அந்தக் கவரே போதும். வளைந்தால் இன்னும் கெட்டியான கவர் வாங்கி, காலாவதி மாதத்தைக் குறைத்துப் போடுங்கள்.