முதுகெலும்புக் காசநோயும் முதுகுப் பட்டையும்

காசநோய்க் கிருமி அரித்த முள்ளெலும்பு, உடலின் எடை தாளாமல் நொறுங்கிக் கூன் விழலாம், தண்டுவடமும் நசுங்கலாம். அதைத் தடுக்கவே கெட்டியான முதுகுப் பட்டையை நாம் அணிவிக்கிறோம். கிருமியை அழிப்பது மருந்து. எலும்பு கூடும்வரை தாங்குவது பட்டை. கடையில் விற்கும் இடுப்பு பெல்ட் இதற்கு ஈடாகாது.

பருத்திப் பனியன்மீது, படுத்தவாறே பட்டையைப் பூட்டிய பின்னரே எழ வேண்டும், கழற்றுவதும் படுத்தபடியே. பட்டை அழுத்திய இடங்களை வீட்டார் நாள்தோறும் பார்க்க வேண்டும். சிவந்த தடம் அரை மணி நேரத்தில் மறையாவிடில் பட்டையைச் சரிசெய்ய வேண்டும்.

சில வாரங்களில் வலி குறையலாம். வலி நின்றது நோய் நின்றதற்கு அடையாளமன்று. மருந்தையோ பட்டையையோ தாமாக நிறுத்தலாகாது. கால் மரத்தாலோ தளர்ந்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்படாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்கு வருக.