கடைசியாகச் சுவரைத் தொட்டவருக்கும் ஒரு புள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

கியூபெக் மாகாணத்தில், லவாலிலும் மொன்றியலிலும் அப்பால் கற்றினோ, ஷெர்புறூக் போன்ற பிரதேசங்களிலும் தனித்தனியே நடைபெற்றுவரும் வயதுவந்தோர் நீச்சற் போட்டிகளைச் சிநேகபாவத்துடன் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்தப் பிரதேசம் மேலோங்கியது என்று ஆண்டுதோறும் தீர்மானிக்கும் ஓர் ஏற்பாட்டைத் தொடங்க எண்ணியிருப்பதாக நீ எழுதிய கடிதம் கிடைத்தது. பல மாரிகாலங்கள் தடாகக் கரையில் ஸ்டாப்வாட்ச் பிடித்து நின்ற அனுபவத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவற்றை மட்டும் உனக்கு எழுதுகிறேன்.

நீச்சல் என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது தனிமனித சாகசமே. 1954ஆம் ஆண்டில் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த தொண்டைமானாற்று நவரத்தினசாமியும், 1971இல் அதே நீரிணையைப் போகவும் வரவுமாக நீந்திய வல்வெட்டித்துறைக் குமார் ஆனந்தனும் நம் குலத்தின் கௌரவங்கள். அவர்களை நினைத்து நெஞ்சு நிமிராத வடமராட்சியான் இல்லை. ஆனால் நீ கையில் எடுத்திருப்பது வேறொரு தர்மம். 1970ஆம் ஆண்டு மே மாதத்தில், ரான்சம் ஆர்தர் என்ற கடற்படை வைத்தியரின் முயற்சியால் டெக்சஸ் மாநிலத்து அமரில்லோ நகரில் ‘மாஸ்டர்ஸ்’ எனப்படும் வயதுவந்தோர் நீச்சலின் முதலாவது தேசியப் போட்டி கூடியபோது, இளமையோடு நீச்சலும் முடிந்துவிடுகிறது என்ற எண்ணத்தை உடைத்து, நடுவயதினரைத் தேகாரோக்கியத்தின் பொருட்டு மீண்டும் தண்ணீரில் இறக்குவதே அதன் நோக்கமாயிருந்தது. அந்தச் சிறு கூட்டம் வளர்ந்து உலகப் போட்டியாகி, 1994இலும் 2014இலும் நம் அயல்வீடான மொன்றியலுக்கே வந்து போயிற்று.

இந்தப் போட்டிகளின் உள்ளத்தை விதிப்புத்தகத்திலேயே காணலாம். குதிமேடையில் ஏற முழங்கால் இடங்கொடாதவர் தண்ணீருக்குள் நின்றபடி சுவரை உதைத்துப் புறப்படலாம். தாம் நீந்தி முடித்த பின்னரும், மற்றவர்கள் நீந்திக்கொண்டிருக்கும்வரை, நடுவர் ஏறச் சொல்லும்மட்டும், தம் தடத்திலேயே தங்கியிருக்கலாம். இந்த இரண்டாவது விதியின் அர்த்தம் எனக்கு விளங்கியது ஒரு மாரிகாலச் சனிக்கிழமையில். எழுபதைக் கடந்த பிரெஞ்சு மூதாட்டி ஒருவர் 200 மீட்டர் மல்லாந்து நீச்சலில் தனியே பின்தங்கி வந்துகொண்டிருந்தார். சுவருக்கு ஐந்து மீட்டர் முன்பாகத் தொங்கும் கொடித்தோரணம் தம் முகத்துக்கு மேலே வந்ததும், உதடசைத்துத் தம் கைவீச்சுகளை எண்ணத் தொடங்கினார். அவர் கை சுவரைத் தொட்டபோது, எப்போதோ நீந்தி முடித்திருந்த அத்தனை பேரும் தடக்கயிறுகளில் கையூன்றியபடி தண்ணீருக்குள் காத்திருந்து ஆரவாரித்தார்கள். அந்தத் தடத்துக்கு நேரம் பிடித்த எங்கள் மூவரின் கடிகாரங்களில் நடுவில் நின்ற நேரமே, விதிப்படி, அவருடைய நேரமாக எழுதப்பட்டது. நீ வகுக்கப்போகும் கணக்கு அந்த மூதாட்டியைக் கணக்கில் கொள்ளுமா என்பதை வைத்தே உன் முயற்சியை நான் எடைபோடுவேன்.

பிரதேசத்தின் மொத்தப் புள்ளிகளைக் கூட்டினால், ஆட்பலம் மிகுந்த மொன்றியலே என்றென்றும் வெல்லும். சிறிய ஊர்கள் இரண்டாம் ஆண்டே மனந்தளர்ந்து ஒதுங்கிவிடும். அதற்குப் பரிகாரமாகத் தலைக்குச் சராசரி எவ்வளவு என்று பார்த்தாலோ, அதைவிடப் பெரிய அநியாயம் விளையும்; சராசரி குறைந்துவிடுமே என்ற பயத்தில் நிர்வாகிகள் மெதுவாக நீந்துவோரை மென்மையான வார்த்தைகள் சொல்லி வீட்டிலேயே இருத்திவிடுவார்கள். ஆகவே இரண்டு கேடயங்களை வை. ஒன்று, பிரதேசத்தின் அங்கத்தினரில் எத்தனை பங்கினர் தண்ணீரில் இறங்கினார்கள் என்பதற்கு. மற்றது, ஒவ்வொரு பிரதேசத்திலும் சிறந்த இருபது பேரின் புள்ளிகளுக்கு. முதலாவதையே பெரிய கேடயமாகச் செய்.

புள்ளிகளுக்கு, உலக நீச்சல் சம்மேளனம் கையாளும் முறையையே வயதுக்கேற்பத் திருத்தி எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் ஐந்தாண்டு வயதுப் பிரிவுக்கும், ஆண் பெண் இருபாலாருக்கும், ஓர் அடிப்படை நேரத்தை நிர்ணயித்து, அதை நீந்தியவரின் நேரத்தால் வகுத்து, வந்த எண்ணை அதனாலேயே இருமுறை பெருக்கி, பிறகு ஆயிரத்தால் பெருக்கு. உதாரணமாக, அடிப்படை நேரம் 90 விநாடியாக உள்ள ஒரு மூதாட்டி 100 விநாடியில் வந்தால் அவருக்கு 729 புள்ளி. அடிப்படை நேரம் 60 விநாடியாக உள்ள ஓர் இளைஞன் 75 விநாடியில் வந்தால் அவனுக்கு 512. பல மாஸ்டர்ஸ் போட்டிகளில் வயதைப் பாராமல் பதிவு நேரத்தைப் பார்த்தே தடங்களை ஒதுக்குவதால், இருவரும் அடுத்தடுத்த தடங்களில் நீந்தவும் கூடும். முன்னே வந்தவன் பின்னே வந்தவரிடம் தோற்றதைச் சந்தோஷமாக ஒப்புக்கொள்ளும் அந்தக் கணமே உன் ஏற்பாட்டின் பலன்.

தடாகத்தின் நீளத்தில் மட்டும் விட்டுக்கொடாதே. 50 மீட்டர்த் தடாகத்தில் 100 மீட்டர் நீந்துபவர் ஒருமுறை திரும்புகிறார். 25 மீட்டரில் மூன்றுமுறை திரும்பி, ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்து வேகம் பெறுகிறார். பழைய தடாகங்களில் 25 யார், அதாவது 22.86 மீட்டர், நீளமுள்ளவையும் உண்டு. இவற்றின் நேரங்களை ஒரே பட்டியலில் கலப்பது வெவ்வேறு படிகளால் அளந்த நெல்லை ஒரே கணக்கில் எழுதுவதற்குச் சமானம். பெறுபேறுகளை எல்லோரையும் ஒரே தேதிக்குள் அனுப்பச் சொல். வயதை, மாஸ்டர்ஸ் வழக்கப்படி, அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் தேதியில் உள்ளபடி கொள். கணக்கை ஆட்சேபிக்க ஒரு வாரம் அவகாசம் கொடு. கேடயம் அளிக்கும் பிரதேசமே தீர்ப்பும் சொல்ல ஒருபோதும் சம்மதியாதே.

ஊர் அபிமானத்தைக் கண்டு அஞ்சாதே. நீ வசிக்கும் லவாலே 1965இல் பதினான்கு ஊர்சபைகள் ஒன்றாகிப் பிறந்த நகரம். ஆயினும் அவற்றுள் ஒன்றான ஷொமெடியின் மக்கள் இன்றும் ஷொமெடியாரே. அபிமானம் இருக்கட்டும், அதைக் கரைக்க அஞ்சல் நீச்சல் இருக்கிறது. நால்வரின் வயதையும் கூட்டிப் பிரிவு வகுக்கும் அந்தப் போட்டியில், ஒரே பிரதேசத்தவர் ஒரே அணியில் சேரக்கூடாது என்று ஒரு கடைசி ஆட்டத்தை வைத்துப் பார். முப்பது வயதினன் தன் அணிக்கு ஒரு பாட்டியாரைத் தேடி ஓடும் காட்சியைக் காண்பாய்.

நம் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலோரத்தில் பிறந்தும் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காமலே வளர்ந்து, இந்தப் பனிநாட்டுக்கு வந்து நாற்பது வயதில், பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டுக் கண்ணாடிச் சுவருக்கு இப்பால் வாங்கில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார் பலரை நீயும் அறிவாய். அவர்களில் ஒருவர் 25 மீட்டரை ஒருமுறை நீந்தி முடித்தாலும், பெரிய கேடயத்துக்கான கணக்கில் லவாலுக்கு ஒரு புள்ளி சேர்ந்தது என்று அறிவி. அடுத்த போட்டிக்கு விண்ணப்பப் படிவங்களை அச்சிடும்போது, முதற் பிரதியை அந்த வாங்கில் இருப்பவரிடம் கொண்டுபோய்க் கொடு.

உன் அன்புள்ள,
அண்ணன்