டீசல் விலையும் கூட்டணிக் கணக்கும்

பருவநிலை, புகைக் கட்டுப்பாடு என்று பேச்செடுத்தால் அது டெல்லியில் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று நம் வணிகர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே டீசலுக்கு அரசு வைக்கும் விலையும் ஒரு புகைக் கொள்கையே ஆகும். அந்த விலையில் கூட்டணிக் கட்சிகளுக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பதை 2012-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு அறியலாம்.

அந்த ஆண்டின் மின்வெட்டை ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் கடைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலை முதல் மளிகைக்கடை வரை ஜெனரேட்டர்தான். லாரி வாடகை தனி.

பருவநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டத்தைப் பிரதமர் மன்மோகன் சிங் 2008 ஜூன் 30 அன்று வெளியிட்டார். ஆனால் டீசல் அடக்க விலைக்கும் கீழே விற்கப்பட்டு வந்தது. அடக்கத்துக்குக் குறைத்து விற்றால் சரக்கு கூடுதலாக ஓடும் என்பது நமக்குத் தெரியாததா? 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. டீசலைத் தொடத் துணியவில்லை. காரணம் எளிது. ஆட்சிக்கு 272 இடங்கள் வேண்டும். 2009 தேர்தலில் காங்கிரஸ் பெற்றது 206. திரிணாமுல் காங்கிரசின் 19 பேரும் தி.மு.க.வின் 18 பேரும் இன்றியமையாதவர்கள்.

2012 செப்டம்பர் 13 அன்று டீசல் லிட்டருக்கு 5 ரூபாய் உயர்ந்தது. மானிய சிலிண்டர் ஆண்டுக்கு ஆறு என்று வரம்பு வந்தது. மறுநாளே சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டுக்கு அனுமதி! நமக்கு வலித்தது பின்னதுதான். 20-ஆம் தேதி நடந்த பந்துக்கு, கூட்டணியிலேயே இருந்த தி.மு.க.வும் ஆதரவளித்தது. அடுத்த நாள் திரிணாமுல் அமைச்சர்கள் பதவி விலகினர். சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் வெளியிலிருந்து அளித்த ஆதரவால் ஆட்சி தப்பியது.

அதன்பின் அரசு வழியை மாற்றிக்கொண்டது. 2013 ஜனவரி முதல் டீசலுக்கு மாதந்தோறும் ஐம்பது பைசா போலச் சிறிது சிறிதாக ஏற்றம். எந்தக் கூட்டாளியும் இதற்காக வெளியேறவில்லை. புத்திசாலித்தனமான முறை என்றே சொல்ல வேண்டும். சிலிண்டர் வரம்பு மட்டும் ஒன்பதாகி, 2014 தேர்தல் நெருங்கியபோது பன்னிரண்டானது.

பாலாற்றுத் தோல் கழிவு விவகாரம் இவ்வாறு நடக்கவில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்து, தொழிற்சாலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. அங்கே கட்சிகள் பேரம் பேச இடமில்லை. டீசல் விலைக்கு அப்படியொரு நீதிமன்றம் கிடையாது.

2014 அக்டோபரில் டீசல் கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது. அப்போது பா.ஜ.க.வுக்குத் தனித்தே 282 இடங்கள் இருந்தன என்பது உண்மை. ஆயினும் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் சரிந்துகொண்டிருந்ததுதான் பெரிய உதவி. 2017 ஜூனில் தினசரி விலை வந்தது. 2024 மார்ச் 15 அன்று டீசல் 2 ரூபாய் குறைந்தது. மறுநாள் மக்களவைத் தேர்தல் அட்டவணை வெளியானது. அத்தேர்தலில் பா.ஜ.க. பெற்றது 240 இடங்கள். தெலுங்கு தேசத்தின் 16 பேரும் ஐக்கிய ஜனதா தளத்தின் 12 பேரும் பிற கூட்டணிக் கட்சியினரும் சேர்ந்த பிறகே பெரும்பான்மை அமைந்தது.