நண்டலாற்றில் தூண்டில் போட வரும் பிள்ளைகளுக்கு

கோட்டுச்சேரியிலிருந்து வடக்கே போய்ப் பூவத்தைத் தாண்டினால் நண்டலாறு. இக்கரை காரைக்கால், அக்கரை தமிழ்நாடு. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது சோதனைச்சாவடி உள்ள ஓர் எல்லை, அவ்வளவுதான். நமக்கோ அது காவிரி நீர் கடலைச் சேரும் கடைமடை ஆறுகளில் ஒன்று. ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் நம் ஊர்ப் பிள்ளைகள் தூண்டிலும் கையுமாகக் கரைக்கு வருகிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லி வைக்கிறேன்.

1. பருவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். காரைக்காலுக்கென்று காவிரி நடுவர் மன்றம் 2007-ல் ஒதுக்கியது 7 டிஎம்சி தண்ணீர். 2018-ல் உச்ச நீதிமன்றமும் அந்த அளவை மாற்றவில்லை. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும், கடைமடைக்கு வந்து சேருவதை வயல்கள்தான் முதலில் குடிக்கும். ஆற்று மீனுக்கு உயிர் கொடுப்பது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் ஆறு, வாய்க்கால், குளம், வயல் எல்லாம் ஒரே நீராகச் சேர்ந்துகொள்ளும். கோடையில் குட்டைகளில் ஒடுங்கிக் கிடந்த மீன் அப்போதுதான் வெளியே வந்து மேயும், முட்டையிடும். நீங்கள் மீன் பிடிக்கும் காலமும் மீன் பெருகும் காலமும் ஒன்றுதான். கீழே நான் சொல்வதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

2. தூண்டிலை எடுக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். பெருமழைக்கு மறுநாள் ஆறு செம்மண் நிறத்தில் செத்தையும் குப்பையுமாக ஓடும். அன்றைக்கு வீட்டில் இருங்கள். மழை விட்டு இரண்டு மூன்று நாளில் இழுப்பு குறைந்து, கலங்கல் தெளியத் தொடங்கும். முழுத் தெளிவும் இல்லாமல் முழுக் கலங்கலும் இல்லாமல் இருக்கும் அந்த நாட்கள்தான் தூண்டிலுக்கு உகந்தவை. கடலோரம் போகப் போக இன்னொரு கணக்கும் உண்டு. மழைவெள்ளம் தள்ளும்போது முகத்துவாரம் வரை நல்ல தண்ணீர் போகும். வெள்ளம் வடிந்தால் உப்பு மேலே ஏறும். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் இன்னும் கூடுதலாக ஏறும். உப்பு ஏறிய இடத்தில் மடவையும் கொடுவாவும் வரும். கெண்டையும் விராலும் வேண்டுமென்றால் மேற்கே நகருங்கள்.

3. இடம் பார்த்து உட்காருங்கள். நட்டாற்று இழுப்பில் மீன் நிற்காது. வயல் வடிகால் வாய்க்கால் ஆற்றில் விழும் வாய், பாலத் தூணின் பின்புறம், கோரையும் காட்டாமணக்கும் மண்டிய ஓரம், இவைதான் மீன் நிற்கும் இடங்கள். வயலிலிருந்து அடித்து வரும் புழு பூச்சிக்காக வாய்க்கால் வாயில் அது காத்துக் கிடக்கும். குளத்தில் போடுவதானால் முதலில் விசாரியுங்கள். பல குளங்கள் ஏலம் போய், குத்தகைக்காரர் காசு கொடுத்துக் குஞ்சு விட்டிருப்பார். கேட்காமல் போடுவது திருட்டு. வயல் வரப்பில் உட்கார்ந்தாலும் சம்பா நாற்றை மிதிக்காதீர்கள்.

4. எளிய தூண்டிலில் தொடங்குங்கள். நேரான மூங்கில் கழி, அதன் நீளத்துக்கு நரம்பு, ஒரு தக்கை, சின்ன ஈயக்குண்டு, ஒரு முள். இது போதும். சுற்றும் ரீலும் மினுக்கும் போலி இரையும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முள்ளுக்கு எண் உண்டு. எண் கூடக் கூட முள் சிறுக்கும். கெண்டைக்குச் சின்ன முள், விராலுக்குப் பெரிய முள். தக்கைக்கும் முள்ளுக்கும் உள்ள தூரம்தான் ஆழக் கணக்கு. கெளுத்திக்கு இரை தரை தொட வேண்டும், கெண்டைக்குத் தரைக்குச் சற்று மேலே நிற்க வேண்டும்.

5. இரையைக் கரையிலேயே தேடுங்கள். எருக்குழி ஓரத்திலும் மக்கிய மட்டைக்கு அடியிலும் கிளறினால் மண்புழு கிடைக்கும். கெண்டைக்குப் பிசைந்த கோதுமை மாவு, விராலுக்குக் கோழிக்குடல். தவளையைக் கோக்காதீர்கள். பயிரைத் தின்னும் பூச்சியை அது தின்கிறது, நம் வயலுக்கு அது வேண்டும்.

6. தக்கை சொல்வதைக் கேளுங்கள். தக்கை தத்தித் தத்தி ஆடினால் கெண்டை கொத்துகிறது; பொறுங்கள், ஒருமுறை சட்டென்று அமுங்கும், அப்போது மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள். தக்கை சாய்ந்தபடி ஒரே பக்கமாக நகர்ந்து முழுகினால் கெளுத்தி. ஒரே முக்கில் உள்ளே போய்விட்டால் அது விராலாக இருக்கலாம். அவசரப்படாதீர்கள், வாய்க்குள் முழுதாக வாங்க அதற்கு ஒரு மூச்சு நேரம் கொடுத்துவிட்டுத் தூக்குங்கள். விரால் காற்றைக் குடிக்கும் மீன். நீர்மட்டத்துக்கு வந்து 'பொளக்' என்று வாய் திறந்துவிட்டு இறங்கும். அந்தக் குமிழி உடைந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி இரையை ஓசையில்லாமல் இறக்குங்கள்.

7. கெளுத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு பிறகு தூண்டில் போடுங்கள். அதற்கு முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாகக் கன்னத்தின் பின்னால் இரண்டு முள். பயந்தால் மூன்றையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். மீனைத் தரையில் கிடத்தி, மேலிருந்து கையை இறக்கி, முதுகு முள் இரண்டு விரலுக்கு நடுவே வரும்படியும் பக்க முள்களுக்குப் பின்னால் உள்ளங்கை அணையும்படியும் அழுத்திப் பிடியுங்கள். பிறகு மற்ற கையால் தூண்டில் முள்ளைத் திருப்பி எடுங்கள். தேளி வந்தால் கையே வைக்கவேண்டாம். அதன் முள்ளில் விஷம் உண்டு. நரம்பை அறுத்து விடுங்கள். குத்திவிட்டால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்துக் குத்திய இடத்தை அதில் முக்கி வையுங்கள். அந்த விஷம் சூட்டில் வலுவிழக்கும். வீக்கம் ஏறினாலோ மயக்கம் வந்தாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

8. குஞ்சோடு நிற்கும் விராலைத் தொடாதீர்கள். ஓரத் தண்ணீரில் செம்மஞ்சள் நிறத்தில், கையளவு வட்டமாக, நூற்றுக்கணக்கில் சின்னக் குஞ்சுகள் கொப்பளித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். அது முழுக்கச் சேர்ந்து மேலே வந்து காற்றை வாங்கிவிட்டு, முழுக்கச் சேர்ந்து கீழே இறங்கும். அதன் அடியில் தகப்பன் விரால் காவல் நிற்கும். எது கிட்டே வந்தாலும் பாய்ந்து கவ்வும். அதனால் அந்த நேரத்தில் அதைப் பிடிப்பது மிகச் சுலபம். அதைத் தூக்கினால் மறு நாழிகையே கெண்டையும் கெளுத்தியும் நீர்க்காகமும் அத்தனை குஞ்சையும் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக ஒரு குலத்தை அழிக்கிற வேலை அது. முட்டை வயிற்றோடு வரும் எந்த மீனையும் நனைந்த கையால் பிடித்து, மெதுவாகத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். விரல் நீளக் குஞ்சுகளையும் விடுங்கள்.

9. வந்தேறி மீனுக்கு வேறு கணக்கு. ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. குஞ்சை வாயிலேயே வைத்துக் காப்பதால் எங்கும் பெருகிவிட்டது. அதை எத்தனை வேண்டுமானாலும் பிடியுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதே தடை செய்யப்பட்டது. நம் மீனையெல்லாம் தின்பது அது. தூண்டிலில் வந்தால் திரும்ப ஆற்றில் விடாதீர்கள். வீட்டுக் கண்ணாடித் தொட்டி மீனையும் ஆற்றில் கொட்டாதீர்கள்.

10. மருந்து, வெடி, கரண்ட் இந்த மூன்றும் கூடவே கூடாது. 1897-ம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிப்பதைக் குற்றம் என்கிறது. கரண்ட் கம்பியைத் தண்ணீரில் போடுகிறவர்கள் மீனோடு சேர்ந்து தாங்களும் செத்துப்போகிறார்கள். யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். அவர்கள் போன இடத்தில் முட்டையும் குஞ்சும் நத்தையும் எதுவும் மிஞ்சாது.

11. உயிர் முதலில். மதகுக்கும் கதவணைக்கும் கீழே சுழல் இருக்கும். அங்கே இறங்கவே வேண்டாம். களிமண் கரை மழையில் அடியறுந்து நிற்கும். விளிம்பிலிருந்து தள்ளி உட்காருங்கள். கோரைக்குள் கால் வைக்கும் முன் கழியால் தட்டுங்கள், வெள்ளத்துக்கு ஒதுங்கிய பாம்பு அங்கேதான் கிடக்கும். மின்கம்பிக்கு அடியில் கழியைத் தூக்காதீர்கள். இடி முழக்கம் கேட்டால் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுங்கள். கஜா புயல் 2018 நவம்பர் 16-ல், இந்தப் பருவத்தில்தான், நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. காரைக்கால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில் ஆற்றங்கரையில் உங்களுக்கு வேலை இல்லை. தனியாகவும் போகாதீர்கள், போகுமிடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

12. குழம்புக்கு எவ்வளவோ அவ்வளவு. புரட்டாசி விரதம் முடிந்த கையோடு எல்லா வீட்டிலும் மீன் கேட்பார்கள். அதற்காகப் பை நிறையப் பிடித்து விற்கக் கிளம்பாதீர்கள். ஆற்று மீனை நம்பி அடுப்பெரிப்பவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் பிழைப்பு. பிடித்ததை அன்றே ஆய்ந்துவிடுங்கள். விராலின் வழுவழுப்பு போகச் சாம்பலோ கல்லுப்போ போட்டு உரசிக் கழுவி, புளியைச் சற்றுத் தூக்கலாகக் கரைத்துக் குழம்பு வைத்தால் மண்வாடை போய்விடும். கிளம்பும்போது அறுந்த நரம்பில் ஒரு துண்டைக்கூடக் கரையில் விடாதீர்கள். கொக்கின் காலில் சுற்றி அதைக் கொன்றுவிடும்.

பிள்ளைகளே, தூண்டில் வித்தையை ஒரு பருவத்தில் கற்றுக்கொள்ளலாம். எதைப் பிடிக்கக் கூடாது என்று தெரிந்தவனைத்தான் நான் மீன்பிடிக்காரன் என்பேன். இந்தக் கார்த்திகைக்குள் குஞ்சோடு நிற்கும் ஒரு விராலையாவது பார்த்துவிட்டுத் தொடாமல் வாருங்கள். பக்கத்தில் தூண்டில் போடுகிறவனிடமும் அதைச் சொல்லுங்கள்.