இலக்கணம் அறிந்த விசைப்பலகை

நுழையும்முன்

நல்ல கருவி, தன்னைப் பயன்படுத்துவோரின் சுமையைத் தான் ஏற்றுக்கொள்ளும். மென்பொருள் வடிவமைப்பில் இப்பண்பைப் 'பயன்பாட்டு எளிமை' என்பர். தமிழ் எழுதும் கருவிகளின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும்.

கல்லும் ஓலையும்

தருமபுரி மாவட்டத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்துள்ளன. ஆநிரைப் போரில் உயிர்நீத்த வீரர்களின் செய்திகள் அவற்றில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. உளியும் கல்லும் இடந்தந்த அளவிலேயே அன்று எழுத முடிந்தது. ஓலையில் எழுதியோர் நிலையும் அதுவே. ஓலை சிதையும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் வரிவடிவில் தெளிவாக இல்லை. எது மெய், எது உயிர்மெய், எது குறில், எது நெடில் என்பதைப் படிப்பவரே இடம்நோக்கி உய்த்துணர வேண்டியிருந்தது. கருவியின் குறையைப் படிப்பவர் சுமந்தார். வீரமாமுனிவரின் எழுத்துச் சீர்திருத்தம் குறில் நெடில் குழப்பத்தை நீக்கி, அச்சுமையின் ஒரு பகுதியை இறக்கியது.

தட்டச்சுப்பொறி

தமிழின் 247 எழுத்துகளை ஒரு பொறியின் சில விசைகளுக்குள் அடக்குவது அரிய பணி. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா, தம் சொந்த முயற்சியால் அதனைச் செய்துகாட்டினார். அழுத்தினாலும் தாள் நகராத 'நகரா விசை', புள்ளி போன்ற குறிகளை எழுத்தோடு இணைத்துப் பதிக்க உதவியது. எனினும் 'கொ' என்னும் ஓரெழுத்துக்குக் கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகளை அழுத்த வேண்டும். ஒலிக்கும் முறை வேறு. அடிக்கும் முறை வேறு. இப்போது சுமை தட்டச்சரிடம் சேர்ந்தது.

தமிழ்99

கணினியின் தொடக்கக் காலத்தில் பலவகை எழுத்துருக்களும் விசைப்பலகைகளும் வழங்கின. ஒருவர் எழுதியது மற்றொருவர் கணினியில் புரியாத குறிகளாகத் தோன்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. அதன் பயனாக உருவான 'தமிழ்99' விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு அவ்வாண்டே ஏற்றது.

இதில் உயிரெழுத்துகள் இடக்கையிலும், மெய்களுக்குரிய அகர உயிர்மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. அ, இ, உ, எ ஆகிய குறில்கள் நடுவரிசையில் உள்ளன. அவற்றின் நெடில்கள் நேர்மேலே உள்ளன. மிகுதியாக வழங்கும் க, ப, ம, த, ந, ய ஆகியவை விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையிலேயே கிடைக்கின்றன. ககரத்தையும் ஒகரத்தையும் அழுத்தினால் 'கொ' தோன்றும். ஒலிக்கும் முறையே அடிக்கும் முறையாயிற்று.

இதன் சிறப்பு புள்ளியில் வெளிப்படுகிறது. அ, ம, ம, ஆ என்று அழுத்தினால் 'அம்மா' வரும். த, ங, க, ஐ என்று அழுத்தினால் 'தங்கை' வரும். ஓரெழுத்து இரட்டித்தாலும், மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும், விசைப்பலகை தானே புள்ளியிடுகிறது. இனவெழுத்து என நாம் கற்கும் இலக்கணத்தைக் கருவியும் கற்றிருக்கிறது. ஓலை கைவிட்ட புள்ளியை இக்கருவி கேளாமலே தருகிறது.

தெரிந்து தெளிவோம்

'மமதை' போன்ற சொற்களில் முதல் மகரத்துக்குப் புள்ளி வேண்டியதில்லை. அதனை அடுத்து அகர விசையை அழுத்தினால் தானியங்குபுள்ளி தவிர்க்கப்படும். பொதுவழக்கை எளிதாக்கி, விதிவிலக்குக்கும் வழிவிடுவது நல்ல வடிவமைப்பு.

தனிமுயற்சியின் பயன்

மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களில் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பின்னர்க் கைப்பேசிக்கென அவர் உருவாக்கிய 'செல்லினம்' 2005இல் வெளிவந்தது. முத்தையாவைப் போலவே அவரும், தமிழில் எழுத முடியவில்லையே என்னும் குறையைத் தம் பணியாக ஏற்றார்.

இன்று கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்துகளால் எழுதும் பழக்கம் பரவியுள்ளது. தமிழில் எழுதுவது கடினம் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். அக்கடினம் மொழியில் இல்லை. கருவியிலோ கருவியை அறியாமையிலோ உள்ளது. அறியாமையைப் பயிற்சி நீக்கும். கருவியின் குறையை நீக்குவோர் இன்றைய வகுப்பறைகளிலிருந்தே வருதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. தமிழ்99 விசைப்பலகையில் ஒரு பத்தியைத் தட்டச்சு செய்து, புள்ளி தானே தோன்றிய இடங்களைப் பட்டியலிடுக. அவற்றின் இலக்கணக் காரணத்தை எழுதுக.
2. நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் செயலி ஒன்றில் முதியோர்க்கு இடர்தரும் பகுதியைக் கண்டறிந்து, அதனை எளிமையாக்கும் வழியை வகுப்பறையில் கலந்துரையாடுக.