இருளை அறிவிக்கும் சுரப்பி

எமது மூளையின் நடுவில், இரு அரைக்கோளங்களுக்கும் இடையே, ஓர் அரிசிமணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பைன் மரத்தின் காயைப் போன்ற வடிவம் உடையதால் பீனியல் சுரப்பி என்று பெயர் பெற்றது. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரான்சியத் தத்துவஞானி டேக்கார்ட், ஆன்மாவின் பிரதான இருப்பிடம் இதுவே என்று எழுதினார். ஆனால் எனது உயிரியல் கொப்பியில் இதற்கு ஒரேயொரு வரிதான் உண்டு: “மெலற்றோனினைச் சுரக்கும்.” அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்தவர் யார் என்று தேடிப் போனேன். அவர் மூளையை ஆராய்ந்தவரே அல்லர், தோல் வைத்தியர்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆரொன் லேர்னர் என்பவரே அவர். உடலில் வெண்திட்டுகள் தோன்றும் நோய் போன்ற, தோலின் நிறத்தோடு தொடர்புடைய நோய்களில் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. 1917இல் மக்கோட், அலன் என்னும் இருவர் ஒரு விந்தையை அறிவித்திருந்தனர். மாட்டின் பீனியல் சுரப்பியின் சாற்றைத் தவளையின் வாற்பேய்களுக்குக் கொடுத்தால் அவற்றின் தோல் வெளிறிவிடுகிறது என்பதே அது. நாற்பது ஆண்டுகளாகக் கிடப்பில் கிடந்த அந்தச் செய்தியை லேர்னர் கையில் எடுத்தார். அந்தச் சாற்றில் நிறத்தை மாற்றும் பொருள் எது?

அதைப் பிரித்தெடுப்பதற்கு அவரது குழு பயன்படுத்திய மாட்டுச் சுரப்பிகள் இரண்டு இலட்சத்துக்கும் அதிகம். ஒவ்வொரு கட்டத்திலும் கிடைத்த சாற்றைத் தவளைத் தோலில் இட்டு, நிறம் வெளிறுகிறதா என்று பார்த்தார்கள். வெளிறாவிட்டால் தேடும் பொருள் அதில் இல்லை. இத்தனை பாடுபட்டும் இறுதியில் கையில் கிடைத்தது மிக மிகச் சிறிதளவே. 1958இல் முடிவு வெளியானது. மெலனின், செரற்றோனின் என்ற இரு பெயர்களையும் பிணைத்து மெலற்றோனின் என்று பெயரிட்டார்கள்.

ஆனால் தோல் நோய்க்கு அது மருந்தாகவில்லை. தவளையின் தோற்கலத்தில் நிறமணிகள் நடுவில் ஒன்றுகூடுவதும் பரவுவதுமாக அசைகின்றன. மனிதத் தோலில் நிறம் அவ்விதம் மாறுவதில்லை. தேடிய வாசல் திறக்கவில்லை, தேடாத வாசல் திறந்தது. யூலியஸ் அக்செல்றொட் முதலிய ஆய்வாளர்கள் 1960களில் தொடர்ந்து ஆராய்ந்தபோது, மெலற்றோனின் இரவில் பெருகிப் பகலில் குறைவது தெரியவந்தது.

மண்டையோட்டுக்குள் மறைந்திருக்கும் சுரப்பி இரவு வந்ததை எப்படி அறிகிறது? இந்தப் பாதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. விழித்திரையிலிருந்து செய்தி பரிவகக்கீழிலுள்ள உடற்கடிகாரத்துக்குப் போகிறது. அங்கிருந்து பக்கத்திலிருக்கும் பீனியலுக்கு நேரே போகாமல், முண்ணாண் வழியே கீழே நெஞ்சுப்பகுதி வரை இறங்கி, கழுத்திலுள்ள நரம்புத்திரட்டு ஒன்றுக்கு ஏறி, மீண்டும் தலைக்குள் நுழைகிறது. அடுத்த வீட்டுக்குப் போவதற்கு ஊரையே சுற்றுவது போல!

மெலற்றோனினைப் பலரும் “தூக்க ஓமோன்” என்கிறார்கள். எனக்கு அது பொருத்தமான பெயராகப் படவில்லை. எலிக்கும் மெலற்றோனின் இரவில்தான் சுரக்கிறது, ஆனால் எலி இரவில்தான் ஓடித் திரிகிறது. ஆகவே அது “உறங்கு” என்று கட்டளை இடுவதில்லை, “இருட்டிவிட்டது” என்று அறிவிக்கிறது. அதைக் கேட்டு மனிதன் உறங்கத் தயாராகிறான், எலி இரை தேடப் புறப்படுகிறது.

வெளிச்சம் இந்த அறிவிப்பை அடக்கிவிடும். பிரகாசமான ஒளி மனிதரிலும் மெலற்றோனினைக் குறைக்கும் என்பதை 1980இல் அல்பிரட் லூவி குழுவினர் காட்டினர். நீல ஒளிக்கே இந்த வலு அதிகம் என்பது பின்னர் தெரிந்தது. 2014இன் இறுதியில் ஹாவர்ட் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பன்னிருவர் படுக்கைக்கு முன் நான்கு மணிநேரம், சில இரவுகள் ஒளிரும் திரையிலும் சில இரவுகள் அச்சுப் புத்தகத்திலும் வாசித்தார்கள். திரையில் வாசித்தபோது உறக்கம் வருவதற்குச் சுமார் பத்து நிமிடம் மாத்திரமே கூடுதலாக எடுத்தது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அவர்களது உடற்கடிகாரம் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் பின்தள்ளிப் போயிருந்தது. மறுநாள் காலையில் சோர்வும் அதிகம்.

பெற்றோர் அறிய வேண்டியதும் ஒன்றுண்டு. பருவ வயதில் இந்தக் கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பின்னோக்கி நகர்கிறது என்பதை பிரவுண் பல்கலைக்கழகத்தின் மேரி காஸ்கடன் காட்டியுள்ளார். இரவு பத்து மணிக்கு எமக்கு உறக்கம் வராததும், சுபஹுக்கு எழுப்பும்போது கண் திறக்க மறுப்பதும் முழுக்கச் சோம்பல் அல்ல. ஆனால் ஏற்கெனவே பிந்தி ஓடும் கடிகாரத்தை, படுக்கையில் கிடந்து போன் பார்த்து இன்னும் பிந்த வைப்பது நாங்கள்தான். பரீட்சைக் காலத்தில் எங்கள் வகுப்பில் இதற்கு விதிவிலக்கானவர்கள் மிகச் சிலரே.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். காஸ்கடனின் பகுதி வந்ததும், எனக்குச் சாதகமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். “நல்லாத்தான் எழுதியிருக்கிறாய் மகள். இண்டையிலிருந்து இஷா தொழுத உடனே போனை என் மேசையில் வை” என்றார்.