அகதிகள் வருகையும் அடைக்கலம் தந்த ஊர்களின் பிழைப்பும்

வங்கதேசத்தின் தென்கிழக்குக் கோடியில், வங்கக் கடலுக்கும் நாஃப் ஆற்றுக்கும் நடுவே வால்போல் நீண்டு கிடக்கும் நிலப்பகுதி டெக்நாஃப் வட்டமாகும். அதற்கு வடக்கே உள்ளது உக்கியா வட்டம். இரண்டும் காக்ஸ் பஜார் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆற்றின் மறுகரையில் இருப்பது முன்னாளில் அரக்கான் என வழங்கிய மியான்மரின் ரக்கைன் மாநிலம். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இவ்விரு வட்டங்களில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 4.7 லட்சம் பேர். 2017 ஆகஸ்டு 25ஆம் நாளுக்குப் பின் சில மாதங்களுக்குள் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கிய மக்கள் எல்லையைக் கடந்து இங்கு வந்து சேர்ந்தனர். முன்னரே வந்து தங்கியிருந்தோரையும் கூட்டினால், அகதிகளின் தொகை ஊராரின் தொகையைப் போல் இருமடங்கை நெருங்கிற்று.

இத்தகைய நிலையில் 'அகதிகளால் ஊருக்கு நன்மையா, தீமையா?' என்ற வினாவே பெரும்பாலும் எழுப்பப்படுகிறது. இவ்வினாவுக்கு ஒரே விடை கிடையாது. ஏனெனில் 'ஊர்' என்பது ஒன்றல்ல. நிலமும் தோப்பும் கடையும் உடையவர் ஒரு சாரார். தம் இரு கைகளையும் அருகிலுள்ள காட்டையும் ஆற்றையும் மட்டுமே நம்பி வாழ்பவர் மற்றொரு சாரார். அகதிகளின் வருகை இவ்விரு சாராரையும் நேர் எதிரான முறைகளில் தாக்குகிறது. மாவட்டச் சராசரியை மட்டும் பார்ப்பவர்க்கு இது புலப்படாது.

ரோஹிங்கியரின் இடப்பெயர்ச்சி 2017இல் தொடங்கியது அன்று. 1978இல் சுமார் 2 லட்சம் பேரும், 1991-92இல் சுமார் 2.5 லட்சம் பேரும் இவ்வாறே எல்லை கடந்து வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பின்னர் திருப்பி அனுப்பப்பட்டனர். இடையில் மியான்மரில் 1982இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. ஆகவே திரும்பிச் சென்றவர்க்கும் சொந்த மண்ணில் உறுதியான வாழ்வு கிட்டவில்லை. 2017இல் முதல் சில வாரங்களில், அயல்நாட்டு உதவி வந்து சேருமுன், சோறும் துணியும் தந்தவர்கள் உக்கியா, டெக்நாஃப் ஊர் மக்களே. வீட்டு முற்றத்திலும் தோப்பிலும் இடம் கொடுத்தவர்களுள் ஏழைகளும் பலர். இதை மறந்து, பிற்காலத்தில் எழுந்த மனக்கசப்பை மட்டும் பேசுவது முறையாகாது.

கூலியும் விலையும்

இப்பகுதியின் பிழைப்பு பலவகைப்பட்டது. நெல், வெற்றிலை, பாக்கு, கடலோர உப்பளம், இறால் வளர்ப்பு, கருவாடு, ஆற்றிலும் கடலிலும் மீன்பிடிப்பு, காட்டுவிறகு என ஒரே குடும்பம் பருவத்துக்கேற்ப இரண்டு மூன்று தொழில்களை மாற்றி மாற்றிச் செய்து வந்தது. இவற்றுள் பெரும்பாலானவற்றில் நாட்கூலி ஆட்களின் உழைப்பு இன்றியமையாதது.

அகதிகளுக்கு வெளியே வேலை செய்யச் சட்டப்படி உரிமை இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் வங்கதேசம் கையெழுத்திடவில்லை. அரசு ஆவணங்கள் இம்மக்களை 'வலிந்து வெளியேற்றப்பட்ட மியான்மர் குடிமக்கள்' என்றே குறிக்கின்றன. ஆயினும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் மட்டும் கொண்டு ஒரு குடும்பம் நடத்த இயலாது. மீன், மருந்து, துணி ஆகியவற்றுக்குக் கைக்காசு வேண்டும். எனவே வயலிலும் உப்பளத்திலும் கட்டட வேலையிலும் குறைந்த கூலிக்கு அகதிகள் சேர்ந்தனர். கூலி இறங்கிற்று. உள்ளூர்க் கூலியாள் கேட்ட கூலியை மறுத்து, 'இதற்குக் குறைவாக வர ஆள் இருக்கிறது' என்று சொல்லும் நிலை முதலாளிக்கு வாய்த்தது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வேலைத் தடை உள்ளூர்த் தொழிலாளியைக் காப்பதற்கென்றே கருதப்படுகிறது. ஆனால் தேவை நீங்காதவரை தடையினால் வேலை தேடுதல் நிற்பதில்லை. அது மறைவாக நடக்கிறது. மறைவாக வேலை செய்பவர் பேசிய கூலியைக்கூட வற்புறுத்திக் கேட்க இயலாது. முறையிட இடமும் இல்லை. அவரைவிட மலிவான ஆள் கிடையாது. இதனால் தடையே சந்தையில் கூலியை மேலும் கீழே இழுக்கக்கூடும். 2019 இறுதிக்குப் பின் முகாம்களைச் சுற்றி முள்வேலி எழுப்பப்பட்ட பின்னரும் இந்நிலை முற்றிலும் மாறிவிடவில்லை.

விலைவாசியின் போக்கு இன்னும் சிக்கலானது. உதவியாக வரும் பொருளும் உதவியாக வராத பொருளும் வெவ்வேறு வழியில் செல்லும். அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவை நிவாரணமாக வந்தன. அவற்றில் ஒரு பகுதியை விற்றே அகதிகள் கைக்காசு திரட்டினர். அதனால் இப்பண்டங்களின் விலை சந்தையில் அடங்கியே இருந்தது. மீன், காய்கறி, இறைச்சி, விறகு, வீட்டு வாடகை ஆகியவை ஏறின. நெல்லை விற்பவர்க்கு இது பாதகம். காய்கறி பயிரிடுபவர்க்கு ஆதாயம். எதையும் விற்பதற்கின்றி எல்லாவற்றையும் வாங்கி உண்பவர்க்கோ கூலி இறக்கமும் விலை ஏற்றமும் ஒருசேர வந்தன.

இரு குடும்பங்களைக் கற்பனை செய்து கொள்வோம். ஒன்றுக்குப் பாக்குத் தோப்பும், சாலையோரத்தில் இரண்டு அறைகளும், ஒரு சிறு சரக்கு வண்டியும் உண்டு. தோப்பு வேலைக்குக் கூலி குறைகிறது. அறைகளைத் தொண்டு நிறுவன ஊழியர் வாடகைக்கு எடுக்கின்றனர். வண்டிக்கு முகாமுக்கு மூங்கில் ஏற்றும் வேலை கிடைக்கிறது. மற்றக் குடும்பத்தில் தந்தை கூலிக்குப் போகிறார். தாய் காட்டில் விறகு பொறுக்குகிறார். மூத்த மகன் ஆற்றில் மீன் பிடிக்கிறான். இம்மூன்றும் ஒரே ஆண்டில் சுருங்குகின்றன. இரு குடும்பங்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்பவை. இரண்டின் வருவாயையும் கூட்டி இரண்டால் வகுத்தால், ஊர் முன்னேறியதாகவே கணக்கு காட்டும்!

காடும் ஆறும்

கூலியைவிட ஆழமான இழப்பு பொதுச் சொத்துக்களில் நேர்ந்தது. குட்டுப்பாலங்-பாலுக்காலி முகாம் எழுந்த குன்றுகள் காப்புக் காடுகள். உக்கியா, டெக்நாஃப், ஹிம்சாரி பகுதிகளில் குடிசைக்கும் அடுப்புக்குமாக 4,300 ஏக்கர் குன்றும் காடும் அழிந்ததாக ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் 2018ஆம் ஆண்டு ஆய்வு கூறிற்று. மாதந்தோறும் ஏறத்தாழ 6,800 டன் விறகு சேகரிக்கப்பட்டதாகவும் அது கணக்கிட்டது. மரம் இழந்த குன்றிலிருந்து மழையில் சரிந்த மண்ணும், முகாமின் கழிவும் அடிவாரத்து வயல்களில் படிந்தன. தலைமுறை தலைமுறையாக இவ்வழியே சென்ற ஆசிய யானைகளின் தடமும் மறிக்கப்பட்டது. தொடக்கக் காலத்தில் யானைகளால் பத்துக்கும் மேற்பட்ட அகதிகள் உயிரிழந்தனர்.

அழிந்தது அரசின் காடு மட்டுமன்று. வங்கதேசத்தில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின்கீழ், வனத்துறை நிலத்தில் மரம் வளர்க்கும் ஏழைக் குடும்பத்துக்கு முதிர்ந்த மரத்தின் விலையில் 45 சதவீதம் உரியது. ஏறத்தாழ பத்தாண்டு காத்திருந்து பெறும் சேமிப்பு அது. இத்தகைய மனைகள் பலவும் முகாம் நிலத்துக்குள் அடங்கிப் போயின. பட்டா நிலத்தை இழந்தவர்க்கு இழப்பீடு கேட்க ஆவணம் இருக்கும். காட்டில் பங்கும் விறகுரிமையும் இழந்தவர்க்கு அந்த அளவு பிடிமானம் இல்லை.

ஆற்றின் கதியும் இதுவே. எல்லை தாண்டலையும் போதை மாத்திரைக் கடத்தலையும் தடுக்க, 2017இல் நாஃப் ஆற்றில் மீன்பிடிப்பு தடை செய்யப்பட்டது. அத்தடை ஏழாண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. படகும் வலையும் வைத்திருந்தவர்கள் கூலியாட்களாயினர். அதாவது, ஏற்கெனவே கூலி இறங்கிக்கொண்டிருந்த அதே சந்தைக்கு இவர்களும் வந்து சேர்ந்தனர்.

காட்டைப் பொறுத்தவரை ஒரு நடவடிக்கை நல்ல பலன் தந்தது எனலாம். 2018 முதல் முகாம் குடும்பங்களுக்குச் சமையல் எரிவாயு வழங்கப்பட்டது. ஊர்க் குடும்பங்கள் சிலவும் இதில் சேர்க்கப்பட்டன. விறகுத் தேவை பெருமளவு குறைந்தது. குன்றுகளில் மீண்டும் நாற்று நட முடிந்தது. மரம் வெட்டாதீர் என்று அறிவுரை கூறுவதைக் காட்டிலும் மாற்று எரிபொருள் தருவது எளிது என்பதைத் திட்ட அலுவலர்கள் பல இடங்களில் காலம் கடந்தே உணர்கின்றனர்.

பிற அனுபவங்கள்

1994இல் ருவாண்டா படுகொலையின்போது, ஏப்ரல் இறுதியில் ஒரே நாளில் சுமார் 2.5 லட்சம் பேர் தான்சானியாவின் காகெரா பகுதிக்குள் புகுந்தனர். அங்கு பின்னர் நடந்த ஆய்வுகளும் இதே பிரிவினையைக் கண்டன. உபரி விளைச்சல் உடைய உழவரும் வணிகரும் பயன்பெற்றனர்; விவசாயக் கூலிகள் இழந்தனர். காகெராவில் உபரி நிலம் இருந்தது. டெக்நாஃபில் அது இல்லை.

இந்தியாவுக்கு இது அந்நியமான பாடம் அன்று. 1971இல் அன்றைய கிழக்கு பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தனர். 15.5 லட்சம் மக்கள் தொகையே உடைய திரிபுராவில் ஏறத்தாழ 14 லட்சம் பேர் தங்கினர். செலவை ஈடு செய்யக் கடிதங்களுக்குக்கூட 5 காசு அகதி நிவாரண முத்திரை ஒட்டப்பட்டது. எனினும் சுதந்திர வங்கதேசம் உருவானதும் சில மாதங்களிலேயே பெரும்பாலோர் திரும்பினர். உக்கியாவில் அந்த முடிவு வரவில்லை. திரும்புவதற்கான ஏற்பாடுகள் 2018இலும் 2019இலும் முயலப்பட்டுத் தோற்றன. ரக்கைனில் மீண்டும் போர் மூண்டதால் 2024 தொடங்கி ஒன்றரை ஆண்டுக்குள் மேலும் சுமார் 1.5 லட்சம் பேர் வந்தனர். மாதக் கணக்கில் தாங்கத்தக்க கூலி இறக்கம் ஆண்டுக் கணக்கில் நீடிக்கும்போது கடனாகவும், பிள்ளைகளின் படிப்பு நிற்பதாகவும் மாறுகிறது.

உதவியின் பங்கு

நிவாரணத் திட்டங்களில் ஒரு பகுதியை ஊராருக்கும் ஒதுக்குவது என்ற கொள்கை தொடக்கம் முதலே உண்டு. 2018இல் உலக வங்கி 48 கோடி டாலர் வரை மானியம் அறிவித்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை, ஆழ்குழாய்க் கிணறு ஆகியவை கிடைத்தன. பெண் விவசாயிகளின் குழுக்கள் காய்கறியைத் திரட்டி முகாம் கடைகளுக்கு விற்கும் மையங்களும் அமைக்கப்பட்டன. இம்மையங்கள் குறிப்பிடத்தக்கவை, அகதிகளின் தேவையையே சிறு விவசாயியின் சந்தையாக மாற்றியவை அவை. ஆனால் காய்கறி விற்க நிலம் வேண்டும். சாலையால் வண்டியுடையவர் முதலில் பயன் பெறுகிறார். கூலியையும் காட்டையும் ஆற்றையும் இழந்த குடும்பத்தை நேரே சென்றடைவது ஊதியத்துடன் கூடிய பொதுப்பணிகளே. காடு மீட்பு, சரிவு தடுப்பு, வாய்க்கால் தூர்வாருதல் ஆகியவற்றில் இப்பணிகளை நெடுங்காலத் திட்டமாக நடத்த வேண்டும். பயனாளிகளின் பட்டியலை நில உடைமையைக் கொண்டு அல்லாமல், இழந்த பிழைப்பைக் கொண்டு தயாரிக்க வேண்டும்.

ஊராரின் கூலி தொலைதூரத்து வரவு செலவுத் திட்டங்களுடன் பிணைக்கப்பட்டுள்ளது. நிதி குறைந்ததால் உலக உணவுத் திட்டம் தலைக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவுப்படியை 2023 மார்ச்சில் 10 டாலராகவும், ஜூனில் 8 டாலராகவும் குறைத்தது. 2024இல் அது மீண்டும் உயர்த்தப்பட்டது. படி குறையும்போது வேலை தேடி முகாமுக்கு வெளியே வருவோர் கூடுவது எதிர்பார்க்கத்தக்கதே. அதன் சுமை உக்கியாவின் கூலியாள் மீது விழுகிறது. 2025 மார்ச்சில் வெளியிடப்பட்ட கூட்டு நிவாரணத் திட்டம், அகதிகளும் ஊராருமாக 14.8 லட்சம் பேருக்கென முதலாண்டுக்கு 93.45 கோடி டாலர் கோரிற்று. அவ்வாண்டு நடுவில் நிதிப் பற்றாக்குறையால் முகாம்களின் கல்வி மையங்கள் பல மூடப்பட்டபோது, அங்கு கற்பித்து வந்த உள்ளூர் ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். அகதிகள் வருகையால் ஊருக்குக் கிடைத்த புதிய வேலைகளுள் படித்த இளைஞர்க்கு உரியவை பெரும்பாலும் இவையே.